தட்டுமுட்டு: உடைசலா, கருவியா?

குடமுருட்டி எழுதியது

வலங்கைமான் பக்கத்தில் எங்கள் பாட்டி வாழ்ந்த வீட்டைப் பிரிக்கப்போகிறோம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பழம்பொருள்களை வைக்க ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். வீட்டில் இருப்பவற்றை அங்கே கொடுத்துவிடலாம் என்று குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அரிவாள்மனை, கல்லுரல், பூண் போட்ட உலக்கை, மாவு திரிக்கும் கல் எந்திரம், சேவை பிழியும் நாழி, தயிர் கடையும் மத்து, மரக்கால், முறம், சல்லடை, ஈயம் போன தவலை என்று பட்டியல் எழுதி, மேலே ‘தட்டுமுட்டுச் சாமான்கள்’ என்று தலைப்பு வைத்தேன். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. “மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட பொருள்களை உடைசல் என்று நாமே எழுதிக் கொடுப்பதா?” என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. குடிசை எரிந்தால் நாளிதழில் “தட்டுமுட்டுச் சாமான்கள் எரிந்து சாம்பலாயின” என்று ஒரு வரி வரும். வீடு மாறும்போது வண்டியில் கடைசியாக ஏற்றுவதையும் அப்படித்தான் சொல்கிறோம். விலை போகாதவை என்ற நினைப்பு அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் சொல்லின் பிறப்பே அப்படித்தானா? தட்டு என்பது எது, முட்டு என்பது எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அறையின் பெயர்ப்பலகைக்கும் இதே சொல்லைத்தான் நினைத்திருந்தேன்.

வெண்ணாறு எழுதியது

நடக்கும்போது காலில் தட்டுவதும் தலையில் முட்டுவதும் தட்டுமுட்டு. எங்கள் நீடாமங்கலம் பக்கத்தில் சிறு வயதிலிருந்து இப்படித்தான் கேட்டிருக்கிறேன். பழைய வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் விளக்கில்லாமல் நுழைந்து பாருங்கள், பொருள் தானாக விளங்கும். உங்கள் அத்தை சொல்வதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பவை என்றுதான் அந்தச் சொல் சொல்கிறது.

அரசலாறு எழுதியது

நான் கும்பகோணத்தில் பாத்திரத் தொழிலில் இருப்பவன். எங்களிடம் வழங்கும் விளக்கம் வேறு. தட்டு என்றால் தட்டு, முட்டு என்றால் முட்டி. முட்டி என்பது வாய் குறுகிய சிறு மண்பானை. கள்ளுமுட்டி என்ற சொல் இன்னும் வழக்கில் இருக்கிறது. உண்ண ஒரு தட்டு, சேர்த்து வைக்க ஒரு முட்டி. சட்டிபானை என்று சொல்வதைப் போலத் தட்டுமுட்டி என்று தொடங்கி, நாளடைவில் முட்டு என்று தேய்ந்திருக்கும்.

தட்டு என்பதில் எங்கள் தொழிலும் இருக்கிறது. பாத்திரத்தில் இரண்டு குலம் உண்டு. ஒன்று வார்ப்பு. வெண்கலப் பானையும் நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் அப்படிப் பிறப்பவை. காவிரி வண்டலில் அச்செடுத்து, உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறிய பின் கடைந்து மெருகேற்றுவார்கள். மற்றொன்று தகட்டைச் சுத்தியால் தட்டித் தட்டி வளைப்பது. பித்தளைத் தவலையும் அண்டாவும் குடமும் அந்த வகை. செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம் கீழே விழுந்தால் விரிசல் விடும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை நசுங்கும், ஆனால் உடையாது, தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். தட்டிச் செய்ததைத் தட்டு என்று சொல்வதில் வியப்பில்லை. உங்கள் தவலைக்கு ஈயம் பூசாமல் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டாம், குடமுருட்டி. உள்ளே ஈயம் இருந்த பாத்திரம் என்பது பார்க்கிற பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். புளி சேர்ந்த குழம்பைப் பூச்சில்லாத பித்தளையில் வைத்தால் களிம்பு ஏறிவிடும் என்பதையும் எழுதி வையுங்கள்.

கொள்ளிடம் எழுதியது

பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். காலில் தட்டுவது, தலையில் முட்டுவது என்ற விளக்கம் சொல்லைக் கேட்ட பின் கட்டியது. அரசலாறு தம்பி தட்டைப் பற்றிச் சொன்னதில் வலு இருக்கிறது. முட்டியைப் பற்றிச் சொன்னதில் இல்லை.

முதலில் ஒரு சோதனை. இரண்டாம் சொல் வெறும் எதிரொலி என்று நினைப்பவர்கள் உண்டு. தமிழில் எதிரொலிச் சொல் எப்படிப் பிறக்கும்? பாத்திரம் கீத்திரம், கரண்டி கிரண்டி, புலி கிலி. எந்தச் சொல்லானாலும் கி அல்லது கீ என்றுதான் தொடங்கும். தட்டு எதிரொலித்தால் ‘தட்டு கிட்டு’ என்று வரும். ‘தட்டு முட்டு’ என்று வராது. ஆகவே முட்டு தன் காலில் நிற்கும் சொல். இன்று பொருள் மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். தோட்டம் துரவு என்கிறோம். துரவு என்ன என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். துரவு என்பது பெரிய கிணறு. நிலபுலன் என்பதில் புலம் வயல். இணைந்து வரும் இரண்டாம் சொல்லைக் காதுக்கு இனிமையாகச் சேர்த்த ஒட்டு என்று தள்ளுவது நம் காலத்துப் பழக்கம்.

இனி முட்டுக்கு வருகிறேன். தெலுங்கில் கருவிக்குப் ‘பனிமுட்டு’ என்றே பெயர். பனி என்றால் வேலை. பனிமுட்டு என்றால் வேலைக்கருவி. இன்றும் அங்கே உழவனின் கலப்பையும் தச்சனின் உளியும் பனிமுட்டுதான். கன்னடத்தில் முட்டு என்ற சொல் தனியாகவே கருவியைக் குறிக்கும். தமிழிலும் பணிமுட்டு உண்டு. தட்டுமுட்டு என்ற முழுச்சொல்லும் நம்மிடம் மட்டும் இல்லை, மலையாளத்தில் வீட்டுப் பொருள்களை அப்படியே சொல்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதியில் தட்டுமுட்டுக்கு வீட்டுச் சாமான்கள் என்ற பொருளோடு கருவிகள் என்ற பொருளும் இருக்கிறது. உடைசல் என்பது பின்னால் ஏறிய அழுக்கு.

முட்டி என்ற பானையிலிருந்து வந்திருந்தால் தெலுங்கின் பனிமுட்டுக்கு என்ன சொல்வது? வேலைப்பானை என்றா?

வெண்ணாறு எழுதியது

ஐயா சொல்வதிலிருந்தே எனக்கு ஒரு கேள்வி. தஞ்சையை 1532 முதல் 1673 வரை நாயக்கர்கள் ஆண்டார்கள். அரண்மனையில் தெலுங்கு, ஊரிலும் தெலுங்கு பேசும் குடிகள். தெலுங்கில் பனிமுட்டு இருக்கிறது என்றால் அங்கிருந்து இங்கே வந்தது என்றுதானே கொள்ள வேண்டும்? நம் வட்டாரத்தில் அப்படி வந்த சொற்கள் நிறைய உண்டு. இன்னொன்றும் கேட்கிறேன். தட்டுப்பாடு என்றால் பற்றாக்குறை, முட்டுப்பாடு என்றாலும் பற்றாக்குறை. தட்டும் முட்டும் சேர்ந்தால் குறையும் வறுமையும்தானே? ஏழை வீட்டுப் பொருள் என்ற நினைப்பு அதிலிருந்து வந்திருக்கலாம்.

கொள்ளிடம் எழுதியது

இரண்டுமே நல்ல கேள்விகள்.

அண்டை மொழியில் ஒரு சொல் இருப்பதால் மட்டும் அங்கிருந்து வந்தது ஆகிவிடாது. கண், கல், மரம் என்று எத்தனையோ சொற்கள் நான்கு மொழிகளுக்கும் பொது. கடனாக வந்த சொல் பெரும்பாலும் தனியாக நிற்கும். சாமான் என்பதைப் பாருங்கள், பாரசீகத்துச் சொல். தமிழ் வேர் எதோடும் அதற்கு உறவு இல்லை. பாத்திரம் வடமொழி. மேசை, அலமாரி, சாவி மூன்றும் போர்த்துக்கீசியர் கொண்டு வந்தவை. முட்டு அப்படி அல்ல. முட்டுதல் என்ற வினை நம்மிடம் இருக்கிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் அதே வினை தொடுதல் என்ற பொருளில் வழங்குகிறது. கை தொட்டுப் புழங்குவது முட்டு என்று நான் கொள்கிறேன். கருவி என்றால் வேறென்ன?

பற்றாக்குறை என்ற பொருள் வேறு கிளை. வழியில் எதன்மீதாவது முட்டினால் நின்றுவிடுகிறோம். நின்றுபோவதால் முட்டு என்பதற்குத் தடை, குறை என்ற பொருள்கள் ஏற்பட்டன. நம் வட்டாரக் கோயில்களின் சோழர் கல்வெட்டுகளில் விளக்குக் கொடைகளைப் படித்தால் ‘முட்டாமல்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். ஆட்டையோ நிலத்தையோ பெற்றுக்கொண்டவர், விளக்கெரிக்க நெய்யை முட்டாமல் அளக்க வேண்டும், அதாவது இடைவிடாமல். அந்த முட்டு குறை; இந்த முட்டு கருவி. வாழைத்தாருக்குக் கொடுக்கும் முட்டு மூன்றாவது, தாங்கும் கழி. ஒரே வினையிலிருந்து கிளைத்தாலும் மூன்றையும் ஒன்றாகக் கட்டக் கூடாது. குறையைக் குறிக்க வந்திருந்தால் தட்டுமுட்டு என்பது பஞ்சத்தின் பெயராக இருந்திருக்கும், பொருளின் பெயராக அல்ல.

வீரசோழனாறு எழுதியது

தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சின்ன வயதிலிருந்து வேதாகமத்தில் படித்தது நினைவுக்கு வருகிறது. உங்கள் அத்தைக்கு இதைக் காட்டுங்கள், குடமுருட்டி.

தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலில் அச்சேறியது எங்கள் ஊரில், 1715இல். நான் சொல்லப்போவது அந்தப் பதிப்பைப் பற்றி அல்ல, இன்று சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பைப் பற்றி. யாத்திராகமம் 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவருக்கு ஒரு வாசஸ்தலம் அமைக்கும்படி மோசேக்குக் கட்டளை வருகிறது. அந்த வாசஸ்தலத்தின் பொருள்களுக்கு 9ஆம் வசனத்தில் வரும் சொல் தட்டுமுட்டுகள். உடன்படிக்கைப் பெட்டி, பொன்தகடு போர்த்திய மேசை, பசும்பொன்னால் ஆன குத்துவிளக்கு, எல்லாமே அதற்குள் அடக்கம். 27ஆம் அதிகாரத்தில் பலிபீடத்தின் சட்டி, கரண்டி, கிண்ணி, முள்துறடு, நெருப்புச்சட்டி ஆகியவற்றை எண்ணி, இவற்றையெல்லாம் வெண்கலத்தால் பண்ண வேண்டும் என்று சொல்லும் இடத்தில் வரும் சொல் பணிமுட்டுகள். கொள்ளிடம் ஐயா சொன்ன இரண்டு சொற்களும் ஒரே நூலில், இரண்டு அதிகார இடைவெளியில் இருக்கின்றன.

மொழிபெயர்த்தவர்கள் கடவுளின் இடத்துப் பொருள்களுக்கு இழிவான சொல்லைத் தேர்ந்தெடுத்திருப்பார்களா? படித்த தமிழர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள் அவர்கள். அன்றைக்கு அந்தச் சொல் மதிப்போடு இருந்ததால்தான் பொன் விளக்குக்கும் பொருந்தியது.

அரசலாறு எழுதியது

அக்கா கொடுத்த சான்று மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. முட்டியை இனி நான் பிடித்துக்கொண்டிருக்கப் போவதில்லை. ஆனால் தட்டு? அதற்குக் கொள்ளிடம் ஐயா விடை சொல்லவில்லை.

கொள்ளிடம் எழுதியது

தட்டு, தம்பி, நீங்கள் சொன்னதேதான். தட்டையானது தட்டு: உண்கலம், தராசின் தட்டு, தேரின் தட்டு எல்லாம் அந்த வகை. தட்டான் என்று பொற்கொல்லரைச் சொல்வது உலோகத்தைத் தட்டுவதால். உண்கலம் ஒரு பக்கம், வேலைக்கருவி மறுபக்கம். இரண்டும் சேர்ந்தால் ஒரு வீட்டின் புழங்குபொருள் முழுவதும் அடங்கிவிடுகிறது. தட்டு ஏந்துவது, முட்டு இயங்குவது. தமிழ் இணைமொழிகளில் இப்படி இரு நுனிகளைச் சொல்லி நடுவே உள்ள அனைத்தையும் குறிப்பது வழக்கம். நஞ்சை புஞ்சை என்றால் நிலம் முழுவதும், வீடு வாசல் என்றால் குடியிருப்பு முழுவதும்.

பாத்திரப் பெயர்கள் இடம் மாறுவதற்கு ஓர் எடுத்துக்காட்டும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் கொடுத்த பொன், வெள்ளிக் கலங்களின் பட்டியல் கல்லில் இருக்கிறது. ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறுத்து எழுதியிருக்கிறார்கள். தளிகை, மண்டை, கலசம், படிக்கம் என்று பெயர்கள் வருகின்றன. அங்கே தளிகை என்பது தட்டு. இன்று கும்பகோணம், மன்னார்குடி வைணவர் வீடுகளில் தளிகை என்றால் சமையல். தட்டிலிருந்து படையலுக்கும், படையலிலிருந்து சமையலுக்கும் சொல் நகர்ந்துவிட்டது. தளிகை ஏறியது, தட்டுமுட்டு இறங்கியது. புழங்குகிற வீட்டைப் பொறுத்துச் சொல்லுக்கு மதிப்பு வருகிறது.

முடிகொண்டான் எழுதியது

கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். நன்னிலம் வட்டாரத்தில் விவசாயம் செய்பவன் நான். சொல் ஏன் இறங்கியது என்பதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மிராசு வீடுகளில் பொருளைக் கூறு கூறாகப் பிரித்து வைத்தார்கள். நகை தனி, நெல் தனி, மாடு தனி. நெல்லுக்குப் பத்தாயம் இருந்தது, அளக்க மரக்கால் இருந்தது. 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம் என்று கணக்குப் பேசினார்கள். பாகப்பிரிவினையில் நிலமும் வீடும் தாவரச் சொத்து, அதாவது அசையாச் சொத்து; மற்றவை சங்கமச் சொத்து, அதாவது அசையும் சொத்து. எல்லாம் எழுதி முடித்த பிறகு கடைசியில் மிச்சம் இருப்பது தட்டுமுட்டு. அவர்களுக்கு அது கணக்கின் வால்.

கூலி வேலை செய்த குடும்பங்களுக்கு வால் கிடையாது, அதுதான் மொத்தமும். ஒரு மண்வெட்டி, கருக்கரிவாள், அலுமினியக் குண்டான், அம்மி, முறம், ஒரு தகரப்பெட்டி. குடிசை எரிந்தால் தட்டுமுட்டுச் சாமான்கள் எரிந்தன என்று நாளிதழில் ஒரு வரி வருகிறதே, அந்த வரி ஒரு குடும்பம் சம்பாதித்த அனைத்தையும் சொல்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது, நாங்கள் சில பேர் கடற்கரை ஊர்களுக்கு உதவிக்குப் போனோம். கூரை போன வீட்டின் முன்னால் ஒரு அம்மா அம்மிக்குழவியைத் தேடிக்கொண்டிருந்தார். அரிசி, பாய், போர்வை கொண்டுபோயிருந்தோம். ஒரு கரண்டியோ அரிவாள்மனையோ கொண்டுபோக எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அரிசி கொடுத்தால் போதுமா? எதில் வடிப்பது, எதை வைத்துக் காய் நறுக்குவது?

கொள்ளிடம் ஐயா சொல்லும் முட்டு என்பதற்கு நான் அங்கே பொருள் கண்டேன். பொருளின் விலையைப் பார்ப்பவர்களுக்கு அது உடைசல். வைத்து வேலை செய்பவர்களுக்குக் கருவி. சொல்லை இறக்கியது அதைப் புழங்காதவர்கள். அந்தச் சொல்லை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். குடமுருட்டி, பலகையில் தட்டுமுட்டு என்றே எழுதுங்கள். புழங்குபொருள் காட்சியறை என்று எழுதினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

வெண்ணாறு எழுதியது

முடிகொண்டான் சொல்வது நெஞ்சில் தைக்கிறது. ஒன்றை மட்டும் கேட்கிறேன். வேதாகமத்தில் இருக்கிறது, அகராதியில் இருக்கிறது என்பதெல்லாம் சரி. பலகையைப் பார்க்கப்போகும் பிள்ளைகளுக்கு இன்றைய பொருள்தான் தெரியும். பழைய பொருளை யார் சொல்லிக் கொடுப்பார்கள்? ‘பணிமுட்டு’ என்று எழுதினால் குழப்பம் இல்லையே. கருவி என்பது பெயரிலேயே தெரிகிறது.

வீரசோழனாறு எழுதியது

பணிமுட்டு எங்கள் வீடுகளிலேயே வேதம் வாசிக்கும்போது மட்டும் வரும் சொல். சமையலறையில் அதை யாரும் சொல்வதில்லை, ஏனம் என்றுதான் சொல்வார்கள். நாகூர், காரைக்கால் முஸ்லிம் வீடுகளிலும் பாத்திரத்துக்கு ஏனம்தான். பேச்சில் உயிரோடு இருப்பது தட்டுமுட்டு. உயிரோடு இருப்பதை வைத்துக்கொண்டு பொருளைச் சொல்லிக்கொடுப்பது எளிது. வழக்கில் இல்லாததை எழுப்பிப் பொருளும் சொல்வது இரட்டை வேலை.

குடமுருட்டி எழுதியது

அத்தையிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பொன் குத்துவிளக்கு வந்த இடத்தில் என்னை நிறுத்தி, மறுபடியும் படிக்கச் சொன்னார். முடிகொண்டான் அண்ணன் எழுதியதைக் கேட்ட பிறகு பலகைக்குச் சம்மதம் கொடுத்துவிட்டார். ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: ஒவ்வொரு பொருளின் கீழும் பெயரோடு நிற்காமல், அதை வைத்துச் செய்த வேலையையும் எழுத வேண்டும்.

இரண்டு உதவிகள் வேண்டும். தட்டுமுட்டு சாமான் என்று எழுதுவதா, தட்டுமுட்டுச் சாமான் என்று எழுதுவதா? முறத்துக்குக் கீழே என்ன எழுதுவது? அத்தை நான்கைந்து வேலைகள் சொல்கிறார், எனக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றுகின்றன.

கொள்ளிடம் எழுதியது

தட்டுமுட்டுச் சாமான், ச் மிகும். பலகையில் சாமானை விட்டுவிட்டு வெறும் ‘தட்டுமுட்டு’ என்று எழுதினாலும் போதும். அந்தச் சொல்லுக்குள்ளேயே பொருள் என்பது இருக்கிறது. பாரசீகச் சொல்லின் துணை அதற்கு வேண்டியதில்லை. நான் அப்படியே எழுதுவேன்.

வீரசோழனாறு எழுதியது

முறத்துக்கு நான் சொல்கிறேன். முறத்தில் உள்ள தானியத்தை மேலே தூக்கிப்போட்டுப் பதரும் உமியும் காற்றில் பறக்கச் செய்வது புடைத்தல். பக்கவாட்டில் அசைத்து நொய்யையும் அரிசியையும் பிரிப்பது கொழித்தல். இந்த இரண்டையும் கட்டாயம் தனித்தனியாக எழுதுங்கள். மற்றவற்றை அத்தையின் வாயாலேயே கேட்டு, முறத்தைக் கையில் கொடுத்துச் செய்து காட்டச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். உரலில் குத்துவது, அம்மியில் அரைப்பது, எந்திரத்தில் திரிப்பது, சல்லடையில் சலிப்பது, மத்தால் கடைவது, நாழியில் பிழிவது: ஒரு முட்டுக்கு ஒரு வினை. எந்திரத்தைக் கொடுக்கும்போது மேல்கல்லின் பிடியைக் கழற்றிவிடாதீர்கள். பிடி இல்லாமல் அது எப்படிச் சுற்றியது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அரிவாள்மனையின் வாய்க்கு மட்டும் ஒரு மரச்சட்டம் போட்டு மூடிக் கொடுங்கள்.